துப்புரவு நிரலுக்குள் ஒளிந்து வந்த பின்கதவு

விண்டோஸ் கணினி மெதுவாக ஓடுகிறது என்று யாராவது புலம்பினால், "சிசிகிளீனர் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாரு" என்பதுதான் ஒரு காலத்தில் எல்லோரும் சொன்ன வைத்தியம். தற்காலிகக் கோப்புகள், பிரவுசர் விட்டுச்செல்லும் குப்பை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிப்போன பழைய பதிவுகள் என்று எல்லாவற்றையும் துடைத்துத் தரும் இலவச நிரல் அது. 200 கோடித் தடவைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருப்பதாக அதன் நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

2017 ஆகஸ்ட் 15 அன்று அதன் 5.33 பதிப்பு வெளியானது. மக்கள் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்கினார்கள். இது எங்கள் நிரல்தான் என்று உறுதிசொல்லும் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பமும் செல்லுபடியாகவே இருந்தது. ஆனால் அந்த நிரலின் 32-பிட் பதிப்புக்குள் ஒரு பேக்டோர், அதாவது பின்கதவு நிரல், சேர்க்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 12 வரை யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் சுமார் 22.7 லட்சம் பேருடைய கணினிகளில் அது இறங்கிவிட்டது.

பேக்டோர் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக "தெரியாத தளத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள், எப்போதும் புதிய பதிப்புக்கு மாறுங்கள்" என்றுதான் தொடங்குவார்கள். தப்பான அறிவுரை இல்லை. ஆனால் இந்தச் சம்பவத்தில் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அதைவிட சுவாரசியமான விஷயம் வேறு. இதை எப்படி நீக்குவது என்ற கேள்விக்கு இரண்டு பெரிய பாதுகாப்பு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று எதிரான பதிலைச் சொன்னன. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால், நம் வீட்டுக் கணினியில் இப்படி ஒன்று நுழைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

பேச்சு வழக்கில் கணினிக்கு வரும் எல்லாக் கேடுகளும் வைரஸ்தான். பேக்டோரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. ரான்சம்வேர் தான் வந்த வேலையைத் தானே முடித்துவிடும்: கோப்புகளைப் பூட்டும், பணம் கேட்டு அறிவிப்பு போடும். பேக்டோர் அப்படி எதையும் செய்து முடிப்பதில்லை. வெளியே இருக்கும் ஓர் ஆள் வேண்டும்போதெல்லாம் உள்ளே வந்துபோக வழி செய்து கொடுக்கும், அவ்வளவுதான். வந்தவர் என்ன செய்வார் என்பது அவர் இஷ்டம். நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யலாம், கோப்புகளை அள்ளிக்கொண்டு போகலாம், உங்கள் கணினியிலிருந்து அலுவலகத்தின் இன்னொரு கணினிக்குத் தாவலாம். சும்மா சில மாதம் காத்திருந்துவிட்டு அந்த வழியை வேறொருவருக்கு விற்றும் விடலாம். ரான்சம்வேர் தாக்குதல்கள் பலவற்றில் முதலில் நுழைவது பேக்டோர்தான். பூட்டுகிற வேலை கடைசியில்தான் நடக்கிறது.

அதனால்தான் "கணினி மெதுவாகிறதா, ஃபேன் சத்தம் போடுகிறதா, விளம்பரம் குதிக்கிறதா" என்று கேட்கும் அறிகுறிப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவை விளம்பரம் காட்டும் மால்வேருக்கும் (கேடு செய்யும் நிரல்), நம் கணினியைத் திருட்டுத்தனமாக ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனருக்கும் பொருந்தும். ஒழுங்காக எழுதப்பட்ட பேக்டோர் கணினியைத் துளியும் தொந்தரவு செய்யாது. தொந்தரவு செய்தால் மாட்டிக்கொள்ளும் என்று அதை எழுதியவருக்குத் தெரியும்.

ஆரம்ப காலத்தில் இவை கொஞ்சம் வெளிப்படையாகவே இருந்தன. 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் 'கல்ட் ஆஃப் த டெட் கௌ' என்ற ஹேக்கர் குழு, பேக் ஆரிஃபிஸ் என்ற கருவியை வெளியிட்டது. விண்டோஸின் பாதுகாப்பு எவ்வளவு மோசம் என்று காட்டுவதே நோக்கம் என்றார்கள். அது கணினியில் 31337 என்ற எண்ணுள்ள போர்ட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்பு வந்து சேரும் வாசலை, திறந்து வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஆணை வரும் என்று காத்திருக்கும். அப்புறம் வீட்டுக்கு வீடு ரூட்டர் வந்தது. ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாது. போர்ட்டைத் திறந்து வைத்தாலும் தட்டுவதற்கு ஆள் வந்து சேர முடியாது. இத்தோடு பேக்டோர் ஒழிந்தது என்று நினைத்திருக்கலாம். திசையை மாற்றிக்கொண்டார்கள். இப்போதைய பேக்டோர்கள் உள்ளிருந்து வெளியே அழைக்கின்றன. நம் கணினியே கிளம்பிப் போய், எங்கோ இருக்கும் கட்டளை சர்வரிடம் "நான் இருக்கிறேன், ஏதாவது வேலை உண்டா" என்று கேட்கும். உள்ளிருந்து போகும் இணைப்புகளைத் தடுத்தால் நாமே இணையத்தைப் பயன்படுத்த முடியாதே, அதனால் ரூட்டர் அதை விட்டுவிடும். பெரும்பாலும் சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் அதே 443 போர்ட்டில், அதே மறையாக்கத்தோடு இந்தப் பேச்சு நடக்கும். சில மணிக்கொரு முறை, அதுவும் ஒழுங்கற்ற இடைவெளியில் கேட்டால், வங்கித் தளத்துக்குப் போகும் போக்குவரத்தோடு கலந்துவிடும்.

601 விநாடி பொறுமை

சிசிகிளீனருக்குள் இருந்த நிரல் இந்த வகையைச் சேர்ந்தது. அது எழுதப்பட்ட விதத்தில் ஒரு நிதானம் தெரிகிறது.

முதலில், தொடங்கியவுடன் ஒன்றுமே செய்யாமல் 601 விநாடி, அதாவது பத்து நிமிடத்துக்குச் சற்று மேல், காத்திருக்கும். சந்தேகமான நிரல்களைப் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒரு சோதனைக் கூண்டுக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். ஆயிரக்கணக்கான நிரல்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். பத்து நிமிடம் தூங்கினால் சோதனையில் தேறிவிடலாம்.

அடுத்ததாக, அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு ஓடுகிறோமா என்று பார்க்கும். இல்லையென்றால் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். இந்த ஒரு வரியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக் கணினியில் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று, நிறுவும் வேலைக்கு மட்டும் அட்மின் கணக்கு என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை, தொல்லை என்பார்கள். எதையாவது திறந்தவுடன் அட்மின் அனுமதி கேட்டு வரும் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' அழுத்துவது பழகிப்போயிற்று. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இந்த நிரல் எழுதப்பட்டிருந்தது.

அதிகாரம் இருந்தால், கணினியின் பெயர், நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியல், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி ஆகியவற்றைச் சேகரித்துக் கட்டளை சர்வருக்கு அனுப்பும். பாஸ்வேர்டு எதையும் தொடாது. சர்வர் அந்த விவரத்தைப் பார்த்து, இது நமக்கு வேண்டிய ஆள்தானா என்று முடிவு செய்யும். வேண்டியவர் என்றால் மட்டும் இரண்டாம் கட்ட நிரல் இறங்கும். முதல் சர்வர் கைவிட்டுப் போனால் பேசுவதற்கு, மாதத்துக்கு ஒரு முகவரியைத் தானே கணக்கிட்டு உருவாக்கும் ஏற்பாடும் உள்ளே இருந்தது.

சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக்குழு செப்டம்பர் 18-இல் இதை வெளிப்படுத்தியபோது, ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களிடம் காட்டிப் பார்க்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் இருந்த 64 ஆன்டிவைரஸ்களில் ஒன்றே ஒன்றுதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது. சரியான கையொப்பம், நல்ல பெயர் பெற்ற நிறுவனம், லட்சக்கணக்கான கணினிகளில் ஏற்கெனவே உள்ள நிரல் என்று மூன்றும் சேர்ந்தால் ஆன்டிவைரஸும் மனிதர்களைப் போலவே நம்பிவிடுகிறது.

செய்தவர்களுக்கே வந்தது எப்படி

சிசிகிளீனரைத் தயாரித்தது லண்டனின் பிரிஃபார்ம் நிறுவனம். 2017 ஜூலையில் அதை அவாஸ்ட் வாங்கியது. ஆமாம், ஆன்டிவைரஸ் விற்கும் அதே அவாஸ்ட். திருடர்கள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்த நிறுவனத்தைத்தான் அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். அது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

பிறகு அவாஸ்ட் தோண்டிப் பார்த்து வெளியிட்ட விவரங்களின்படி, அதே ஆண்டு மார்ச் 11 அதிகாலை ஐந்து மணிக்கு, ஆளில்லாத நேரத்தில், ஒரு டெவலப்பரின் கணினிக்குள் டீம்வியூவர் வழியாக யாரோ நுழைந்தார்கள். தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும், நம்மில் பலர் பயன்படுத்தும் அதே டீம்வியூவர். முதல் முயற்சியிலேயே பாஸ்வேர்டு சரியாக விழுந்தது. வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டை அந்த டெவலப்பர் இங்கேயும் பயன்படுத்தியிருக்கலாம் என்பது அவாஸ்டின் ஊகம். அட்மின் அதிகாரம் இல்லாததால் மால்வேரை நிறுவ எடுத்த முதல் இரண்டு முயற்சிகள் தோற்றன. மூன்றாவது தடவை வேறு வழியில் நிறுவிவிட்டார்கள். மறுநாள் அதிகாலை அங்கிருந்து இன்னொரு கணினிக்குத் தாவினார்கள். ஏப்ரல் 12-இல் ஷேடோபேட் என்ற, கீ அழுத்தங்களைப் பதிவு செய்யும் வசதிகொண்ட பெரிய பேக்டோரை நான்கு கணினிகளில் இறக்கினார்கள். அதன்பின் பல மாதங்கள் பொறுத்திருந்து, மென்பொருள் உருவாகும் இடத்திலேயே தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். கையொப்பம் போடும் முன்பே சேர்த்துவிட்டதால் நிறுவனமே தன் கையால் கையொப்பமிட்டு உலகத்துக்கு அனுப்பி வைத்தது.

இதை விலாவாரியாகச் சொல்லக் காரணம், உலகத்தரமான தாக்குதல் என்று பேசப்படும் ஒன்றின் முதல் படியில் புதுமை எதுவும் இல்லை என்பதுதான். பழைய பாஸ்வேர்டு, எப்போதும் திறந்து கிடந்த ஒரு ரிமோட் இணைப்பு. நம் வீட்டுக் கணினிகளுக்குள்ளும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வழிகளில்தான் வருகிறார்கள்.

அதில் முதலிடம் என் கணக்கில் கிராக் மென்பொருளுக்கு. விண்டோஸையோ ஆஃபிஸையோ பணம் கட்டாமல் 'ஆக்டிவேட்' செய்து தருகிறேன் என்று வரும் கருவிகளுடைய முதல் நிபந்தனையே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்பதாக இருக்கும். நாமே காவலை நிறுத்திவிட்டு, நாமே அட்மின் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் பேக்டோர் எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? கருவி சொன்னபடி வேலை செய்யும், விண்டோஸ் ஆக்டிவேட் ஆகும், அதனால் சந்தேகமும் வராது. பிறகு மின்னஞ்சலில் வரும் "இன்வாய்ஸ்". பிடிஎஃப் படத்தோடு தெரியும், ஆனால் உண்மையில் இயங்கும் நிரலாகவோ ஷார்ட்கட்டாகவோ இருக்கும். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டுவதால் வித்தியாசம் தெரியாது. வேர்ட், எக்செல் கோப்புகளுக்குள் ஓடும் சிறு நிரல்களான மேக்ரோக்கள் பல காலம் இதற்குப் பயன்பட்டன. இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022-இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியதும் அனுப்புகிறவர்கள் வேறு வகைக் கோப்புகளுக்கு மாறிவிட்டார்கள்.

2024 முதல் பரவலான ஒரு தந்திரம் இன்னும் எளிமையானது. ஓர் இணையப் பக்கம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று கேட்கும். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலும் வி-யும், பிறகு என்டர் என்று வழிகாட்டும். அந்தப் பக்கம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை (விண்டோஸின் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவிக்கானது) நகலெடுத்து வைத்திருக்கும். மூன்று விசைச் சேர்க்கைகளில் பேக்டோரை நம் கையாலேயே இறக்கிக்கொள்கிறோம். எந்த உண்மையான சோதனையும் விண்டோஸின் 'ரன்' பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

யுஎஸ்பி வழியாக வருவது பழைய கதை என்று சிலர் நினைக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவ் கொடுத்து வாங்குகிற ஊரில் அது அவ்வளவு சீக்கிரம் பழையதாகாது. டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் தெரிந்தால், அதைத் திறக்காமல் மூடிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் வலையமைப்பில் டிட்ராக் என்ற பேக்டோர் நுழைந்ததாகச் செய்தி பரவியது. கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று நிலையத்தின் சார்பில் அக்டோபர் 29-இல் அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் இருந்தது உண்மைதான் என்றும், செப்டம்பர் 4-ஆம் தேதியே இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் தந்துவிட்டது என்றும், நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில்தான் அது கண்டறியப்பட்டது என்றும் ஒப்புக்கொண்டது. உலை இயங்கும் அமைப்பு தனி என்பது ஆறுதலான விஷயம். ஆனால் டிட்ராக் போன்றவை உலையைத் தொட வருவதில்லை. பிரவுசர் வரலாறு, ஐபி முகவரிகள், ஓடும் நிரல்கள், டிஸ்கில் உள்ள கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றைச் சேகரிப்பதே அதன் வேலை. "கட்டுப்பாட்டு அமைப்பு பத்திரம்" என்ற பதில், கேட்கப்பட்ட கேள்விக்கான பதில் இல்லை.

நீக்குவது என்றால் எதை?

மறுபடி சிசிகிளீனருக்கு வருவோம். விஷயம் வெளியானதும் அவாஸ்ட் சொன்னது இது: 5.34 பதிப்புக்கு மாறினால் போதும், பேக்டோர் போய்விடும். கட்டளை சர்வரையும் செப்டம்பர் 15-ஆம் தேதியே முடக்கிவிட்டோம். இரண்டாம் கட்டம் யாருக்கும் இறங்கியதாகத் தெரியவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவத் தேவையில்லை. டாலோஸ் சொன்னது: கணினியை ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

அவாஸ்ட் அலட்சியமாகப் பேசியது என்று சொல்ல மாட்டேன். பேக்டோர் கோப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். பதிப்பு மாறினால் கோப்பு போய்விடும். ஆனால் அந்த ஒரு மாதத்தில் அந்த வழியாக யார் வந்தார்கள், வந்தவர் வேறென்ன வைத்துவிட்டுப் போனார் என்பதற்கு அதில் பதில் இல்லை. திருடன் பரண் மேல் ஏறிப் படுத்துக்கொண்ட பிறகு கொல்லைக் கதவைத் தாழிடுவது போன்ற வேலை.

சில நாள் கழித்துக் கட்டளை சர்வரின் உள்ளடக்கம் டாலோஸ் கைக்குக் கிடைத்தது. அதில் ஒரு பட்டியல் இருந்தது: சாம்சங், சோனி, இன்டெல், மைக்ரோசாஃப்ட், சிங்டெல் என்று பெரிய தொழில்நுட்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டொமைன் பெயர்கள். சிஸ்கோவின் பெயரும் இருந்தது. அந்த நிறுவனங்களின் கணினி என்று தெரிந்தால் மட்டும் இரண்டாம் கட்டம் இறங்கும்படி அமைத்திருந்தார்கள். 22 லட்சம் பேரைப் பிடித்தது, அதில் ஒரு சிலரைப் பொறுக்கி எடுக்கத்தான். சர்வரில் இருந்த பதிவுகள் நான்கைந்து நாளுக்கு உரியவை மட்டுமே. காரணம் வேடிக்கையானது: தாக்கியவர்களின் சர்வரில் டிஸ்க் நிரம்பி, செப்டம்பர் 10-இல் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. 12-ஆம் தேதி புதிதாக நிறுவியதால் பழைய பதிவுகள் அழிந்தன. அந்தச் சில நாள் பதிவிலேயே இரண்டாம் கட்டம் இறங்கிய இருபது கணினிகள் இருந்தன. பிறகு பழைய தரவின் காப்புப்பிரதி கிடைத்து, அவாஸ்ட் முழுக் கணக்கைச் சொன்னது: சர்வரோடு பேசிய கணினிகள் 16 லட்சத்து 46 ஆயிரத்து 536, இரண்டாம் கட்டம் இறங்கியவை 40.

அந்த 40 கணினிகளில் சிசிகிளீனரைப் புதுப்பித்திருந்தாலும், ஏன், நீக்கியே இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டாம் கட்டம் வேறு பெயர்களில், சிமான்டெக், கோரல் நிறுவனங்களின் உண்மையான கோப்புகளைத் திருத்தி அவற்றுக்குள் ஒளிந்திருந்தது. அதன் முக்கியப் பகுதி கோப்பாகக்கூட இல்லை. ரெஜிஸ்ட்ரிக்குள் தரவாகக் கிடந்தது. மீதி 16 லட்சம் பேருக்கு அவாஸ்ட் சொன்ன வைத்தியமே போதுமானதாக இருந்தது. ஆனால் தான் 40-இல் ஒருவரா, 16 லட்சத்தில் ஒருவரா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் திருடனின் கணக்குப் புத்தகம். அது எல்லாச் சம்பவத்திலும் கிடைப்பதில்லை.

இதைத்தான் வீட்டுக் கணினிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்தேன், ஒன்றைப் பிடித்தது, நீக்கிவிட்டேன் என்று நிம்மதியாவதற்கு முன்னால் அது எத்தனை நாளாக அங்கே இருந்தது என்று பாருங்கள். டவுன்லோட் ஃபோல்டரில் நேற்று இறக்கிய கோப்பை, திறக்கும் முன்பே விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடித்து ஒதுக்கி வைத்திருந்தால் கவலை வேண்டாம், அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஏற்கெனவே ஓடியிருந்தால், அதுவும் அட்மின் அனுமதியோடு ஓடியிருந்தால், கதை வேறு. விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள பாதுகாப்பு வரலாறும் பிரவுசரின் பதிவிறக்கப் பட்டியலும் தேதியை ஊகிக்க உதவும். கோப்பின் மேல் உள்ள தேதியை மட்டும் நம்ப வேண்டாம், அதை மாற்றி வைப்பது சுலபம்.

ஓடியிருக்கிறது என்ற சந்தேகம் வந்ததும் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். வெளியே அழைத்துப் பேசினால்தான் பேக்டோருக்கு உயிர். அந்தக் கணினியில் உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்குவதுதான் பலரும் பதற்றத்தில் செய்யும் காரியம். கீ அழுத்தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் புது பாஸ்வேர்டையும் நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். அதற்கு இன்னொரு கணினியோ போனோ வேண்டும்.

அடுத்து, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் வகைகளுக்குள் இருக்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் மால்வேர்கள் இதில் சிக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் இலவச நீக்கும் கருவிகள் தருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்களை நிறுவிப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொஞ்சம் கணினி தெரிந்தவர் என்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் என்ற கருவியை வேறு கணினியில் இறக்கிக் கொண்டுவந்து ஓட்டலாம். கணினி தொடங்கும்போது தானாக எழும் எல்லாவற்றையும் அது ஒரே இடத்தில் காட்டும்: ரெஜிஸ்ட்ரி பதிவுகள், சர்வீஸ்கள், திட்டமிட்ட பணிகள், பிரவுசரோடு சேர்ந்த துணை நிரல்கள் எல்லாம். மைக்ரோசாஃப்ட் கையொப்பம் உள்ளவற்றை மறைக்கச் சொன்னால் பட்டியல் சுருங்கிவிடும். டெம்ப் ஃபோல்டரிலிருந்தோ ஆப்டேட்டாவிலிருந்தோ ஓடும் பெயர் தெரியாத நிரல், ஒவ்வொரு பத்து நிமிடமும் பவர்ஷெல்லை அழைக்கும் ஒரு திட்டமிட்ட பணி ஆகியவை கண்ணில் பட வேண்டும். அதே தொகுப்பின் டிசிபிவியூ, எந்த நிரல் வெளியே யாரோடு பேசுகிறது என்று காட்டும். கணினியில் நீங்கள் உருவாக்காத பயனர் கணக்கு ஏதும் இருக்கிறதா, ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கிறதா, எனிடெஸ்க் போன்ற ரிமோட் நிரல் தானாக நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டபூர்வமான நிரல் என்பதால் ஆன்டிவைரஸ் அவற்றைத் தொடாது. அதனாலேயே அவற்றை விட்டுவைத்துப் போவார்கள்.

இத்தனையும் எதற்கு என்றால், கணினியைச் சுத்தம் செய்வதற்கு என்பதைவிட நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்வதற்கு என்பேன். பேக்டோர் அட்மின் அதிகாரத்தோடு சில நாள் ஓடியது உறுதியானால் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவதே என் சிபாரிசு. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்க ஒரு வார இறுதி போய்விடும். முடிவில் நிச்சயமும் இருக்காது. 'சிஸ்டம் ரீஸ்டோர்' இதற்கு மாற்று இல்லை, அது சொந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை. சுத்தமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவும் யுஎஸ்பியைத் தயாரித்து, நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்களை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஆவணங்களையும் புகைப்படங்களையும் மட்டும் வெளி டிரைவில் எடுத்து, ஸ்கேன் செய்தபின் திரும்பப் போடலாம். நிறுவும் கோப்புகள், கிராக்குகள், பிரவுசரின் முழு புரொஃபைல் ஆகியவற்றை மறந்துவிடுங்கள். பல தடவை மால்வேர் திரும்பி வருவது, பத்திரமாக எடுத்து வைத்த அதே 'செட்டப்' ஃபோல்டரிலிருந்துதான்.

கணினியிலிருந்து ஏற்கெனவே திருடு போன விஷயங்களுக்கு அது போதாது. மின்னஞ்சல் பாஸ்வேர்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும், மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வழி அதுதான் என்பதால். மாற்றியதோடு "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கப் பிரவுசர் சேமிக்கும் குக்கியைத் திருடியவர் பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமலே உங்கள் கணக்கில் உட்கார்ந்திருக்க முடியும். ஜிமெயிலில் உங்களுக்குத் தெரியாமல் ஃபார்வர்டு முகவரியோ ஃபில்டரோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பாருங்கள். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வாங்கிய நாளில் இருந்ததுதான் என்றால் அதையும் மாற்றுங்கள்.

விண்டோஸை மறுபடி நிறுவினாலும், டிஸ்கையே மாற்றினாலும் போகாத பேக்டோர்களும் இருக்கின்றன. விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் நிரல் இருக்கும், மதர்போர்டின் யூஈஎஃப்ஐ சிப்புக்குள் எழுதிக்கொள்ளும் லோஜாக்ஸை 2018-இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. அரசு அமைப்புகளைக் குறிவைத்து வந்தது அது. வீட்டுக் கணினி வைத்திருப்பவர் அதை நினைத்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. கணினி எழும்போது கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஒரு விஷயம் மட்டும் எல்லாவற்றையும் அழிக்கும் முன்பு யோசிக்க வேண்டியது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், இந்தியாவில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிக்கொண்டே போகும். புகார் கொடுப்பதாக இருந்தால் அந்த டிஸ்க் ஒரு சாட்சி. அதைத் துடைக்காமல் கழற்றி, தேதி எழுதி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஓர் எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸை நிறுவிக்கொள்ளலாம்.